ஒன்பது வெற்றி போதாத ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள், கிரிக்கெட் மட்டும் வேண்டாம் என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. மாணவனாக நான் சில வருஷங்கள் இருந்த ஊரில் கிரிக்கெட் என்றால் வெட்டுக்கிளி மாதிரி ஒரு பூச்சி, அவ்வளவுதான். அங்கே ஆட்டம் என்றால் ஒன்றே ஒன்று, அமெரிக்கன் ஃபுட்பால். பெயரில்தான் கால் இருக்கிறது, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், பதினொரு பேர் அவன்மேல் விழுவார்கள். முதல் மாதம் எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

ஊர், நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகர் லிங்கன். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. அங்குள்ள பல்கலைக்கழக அணியின் பெயரே கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிரின் மட்டையை உரிப்பவர்கள். நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இருப்பதுபோல இந்த மாநிலத்துக்குப் பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் இந்த மாணவர் அணிதான். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் மெமோரியல் ஸ்டேடியத்துக்குள் எழுபது, எண்பதாயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து அந்த நேரத்தில் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரமே அந்த ஸ்டேடியம்தான் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அது உண்மையும்கூட. 1962 நவம்பரிலிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிச்சமானதில்லை என்பது அவர்கள் பெருமை. நடுவில், காசு உள்ளவர்கள் மீதி டிக்கெட்டை வாங்கி அந்தப் பெருமையைக் காப்பாற்றிய வருஷமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் சொல்ல வந்தது ஃப்ராங்க் சோலிச் என்ற கோச்சின் கதை.

ஆள் குள்ளம். அறுபதுகளில் அதே அணிக்கு ஃபுல்பேக்காக, அதாவது பந்தோடு முட்டி ஓடுகிறவராக, ஆடியவர். அப்போது கோச் பாப் டெவேனி. டெவேனி 1970, 1971 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் உதவியாளர் டாம் ஆஸ்பர்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஆஸ்பர்ன் இருபத்தைந்து சீசன் இருந்தார். 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. எந்த வருஷமும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததே இல்லை. அவரிடம் 1979 முதல் உதவியாளராக இருந்தவர் சோலிச். ஆஸ்பர்ன் 1997 பட்டத்தோடு ஓய்வு பெற்றபோது நாற்காலி சோலிச்சுக்கு வந்தது. வீட்டு மூத்தவர் சாவிக்கொத்தை அடுத்தவர் இடுப்பில் செருகிவிடுகிற மாதிரி, டெவேனி, ஆஸ்பர்ன், சோலிச் என்று நாற்பது வருஷம் ஒரே கை மாறி மாறி வந்தது.

அந்த வீட்டுக்கு என்று ஒரு சமையலும் இருந்தது. ஆப்ஷன் என்று பெயர். பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் ஓடுவான். எதிரணிக்காரன் ஒருவன் அவனை நோக்கி வருவான். அவன் இவனைப் பிடிக்கப் பாய்ந்தால், கடைசி நொடியில் பந்தைப் பின்னால் வருகிறவனுக்குச் சுண்டிவிடுவான். பாயாமல் தயங்கினால் தானே வைத்துக்கொண்டு ஓடிவிடுவான். எரிக் கிரவுச் என்ற பையன் இதைச் செய்து 2001-ல் நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் விருதையே வாங்கினான். இந்த ஆட்டத்துக்குத் தோள் வலுவைவிட ஒழுங்குதான் முக்கியம். ஒரே அசைவை ஆயிரம் தடவை பழக வேண்டும். இதற்குத் தோதாக 'வாக்-ஆன்' என்று ஒரு வழக்கம் இருந்தது. உதவித்தொகை எதுவும் இல்லாமல், சொந்தக் காசில் படித்துக்கொண்டு அணியில் சேர்கிற உள்ளூர்ப் பையன்கள். ஊர் பெயர் வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத பண்ணைக் கிராமங்களிலிருந்து வருவார்கள். மூன்று வருஷம் பயிற்சியில் மட்டும் அடி வாங்குவார்கள். நாலாவது வருஷம் களத்தில் இறங்கினால் அந்தக் கிராமம் மொத்தமும் லிங்கனுக்கு வரும்.

நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்காரரின் தங்கை மகன் அப்படி ஒருவன். எந்த ஆட்டத்திலும் அவன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவன் சிவப்புச் சட்டை போட்டு நிற்கிற படம் அந்தக் கடைக் கண்ணாடியின் மேல்மூலையில் செருகியிருக்கும். சீப்பை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் கண் அங்கே போய்விட்டுத்தான் வரும்.

சோலிச் என்ன தப்பு செய்தார்? நியாயமாகச் சொல்ல வேண்டும், தப்பே இல்லை என்று இல்லை. 2001 கடைசியில் கொலராடோவிடம் 62–36 என்று அணி உதை வாங்கியது. பட்டத்துக்கான ஆட்டத்தில் மயாமியிடம் 37–14. அடுத்த வருஷம் ஏழு வெற்றி, ஏழு தோல்வி. முப்பத்து மூன்று வருஷமாக ஒன்பதுக்குக் குறையாமல் ஜெயித்து வந்த சங்கிலி அங்கே அறுந்தது. அப்போது சோலிச்சே தன் உதவியாளர்கள் சிலரை வீட்டுக்கு அனுப்பினார். அதில் ஒருவர் க்ரெய்க் போல், லிங்கனிலேயே பிறந்தவர். போல் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே இரண்டாம் அடுக்குப் போட்டியில் 2011, 2012, 2013 என்று வரிசையாக மூன்று தேசியப் பட்டம் வாங்கினார். வெட்டிப் போட்ட கிளை வேறு தோட்டத்தில் காய்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிசம்பரில் ஸ்டீவ் பெடர்சன் என்பவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராக வந்தார். 2003 சீசன் ஓடியது. கான்சஸ் ஸ்டேட் லிங்கனுக்கே வந்து 38–9 என்று அடித்துவிட்டுப் போனது. அன்று ஸ்டேடியத்தில் இருந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. தோற்றவர்கள் வருத்தப்படுகிற அமைதி இல்லை அது. வீட்டில் யாரோ நோயாளி இருக்கிறார் என்று எல்லோரும் சத்தம் குறைத்துப் பேசுவார்களே, அந்த மாதிரி. ஆனாலும் நவம்பர் 28-ஆம் தேதி, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, கொலராடோவை அவர்கள் ஊரிலேயே 31–22 என்று ஜெயித்தார்கள். ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. அணி வீடு திரும்பியது. சனிக்கிழமை சாயங்காலம் பெடர்சன் சோலிச்சைக் கூப்பிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் மாணவனாக, உதவியாளராக, தலைவராக வாழ்நாளில் பாதியைக் கழித்தவருக்கு, ஜெயித்த மறுநாள்.

பெடர்சன் தரப்பு என்னவென்றால், இந்த அணி சராசரிக்குச் சரிவதை ஏற்க மாட்டேன், நாங்கள் ஆடுகிற அணிகளின் கூட்டமைப்பை ஓக்லஹோமாவுக்கும் டெக்சஸுக்கும் தாரை வார்க்க மாட்டேன் என்பது. காலம் மாறிவிட்டது, பந்தை வீசி ஆடுகிற அணிகள் மேலே வருகின்றன என்ற கணிப்பில் உண்மை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஒன்பது வெற்றியையே ஒருவன் தலையை வாங்கப் போதுமான குற்றமாக அறிவித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துவரவில்லை. அன்று வைத்த அளவுகோல் பிறகு வந்த எல்லோர் கழுத்துக்கும் வந்தது.

அடுத்த வாரம் நான் முடி வெட்டப் போனேன். கடைக்காரர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் துண்டை உதறிக்கொண்டே ஒன்று கேட்டார்: "இனி வருகிறவனுக்கு என் தங்கை பையன் யார் என்று தெரியுமா?"

சரியான கேள்வி. புதிய கோச்சைத் தேட நாற்பது நாள் ஆயிற்று. ஆர்கன்சா கோச் ஹூஸ்டன் நட்டிடம் பேசினார்கள். அவர் தன் ஊரிலேயே சம்பளத்தை உயர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். இடையில் உதவியாளர் போ பெலினி தற்காலிகமாக நின்று, சோலிச் வளர்த்த அதே பையன்களை வைத்து மிச்சிகன் ஸ்டேட்டை ஜெயித்தார். 2004 ஜனவரியில் வந்தவர் பில் கலஹன், தொழில்முறை ஆட்டத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸை நடத்தியவர். நல்ல படிப்பாளி, ஆனால் சமையலே வேறு. ஆப்ஷனை மூட்டை கட்டிவிட்டு, பந்தைக் குறுகிய தூரத்துக்கு வீசி ஆடுகிற ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஓடப் பழகிய பையன்கள் வீசக் கற்றுக்கொண்டார்கள். அந்த அக்டோபரில் டெக்சஸ் டெக் 70–10 என்று அடித்தது. சீசன் முடிவில் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961-க்குப் பிறகு முதல் தோல்வி வருஷம். முப்பத்தைந்து வருஷமாக விடாமல் கிடைத்த சீசன் முடிவு 'பவுல்' ஆட்டமும் இல்லாமல் போனது.

2007-ல் கான்சஸ் 76–39. அதற்குள் பெடர்சனுக்கே வேலை போய்விட்டது. துறையைக் காப்பாற்ற யாரை அழைத்தார்கள் தெரியுமா? டாம் ஆஸ்பர்னை. ஓய்வுக்குப் பிறகு மூன்று தடவை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு, கவர்னராக நிற்கும் முயற்சியில் தன் கட்சிக்குள்ளேயே தோற்றவர். பழைய வீட்டு மூத்தவரே மறுபடி சாவியோடு வந்தார். கலஹனை அனுப்பிவிட்டுப் பெலினியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

பெலினி ஏழு வருஷம் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் ஒன்பதோ பத்தோ வெற்றி. வாய் கெட்டது, கோபம் அதிகம், பெரிய ஆட்டங்களில் சறுக்குவார். 2014-ல் அவரையும் வெளியேற்றினார்கள். அந்த வருஷக் கணக்கு என்ன? அதே ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. பிறகு வந்த மைக் ரைலி மூன்றாவது வருஷம் நாலு வெற்றி, எட்டுத் தோல்வி. அடுத்து, சொந்த மண் பிள்ளை ஸ்காட் ஃப்ராஸ்ட், 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக். ஊரே மாலை போட்டு வரவேற்றது. 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பர் 11-ல் அவரை அனுப்பினார்கள். இன்னும் மூன்று வாரம் பொறுத்து அக்டோபரில் அனுப்பியிருந்தால் நஷ்ட ஈடு ஏழரை மில்லியன் டாலர். பொறுக்க முடியாமல் பதினைந்து மில்லியன் கொடுத்தார்கள். மூன்று வார அவசரத்துக்கு ஏழரை மில்லியன்! இதுவும் பெரிதில்லை, டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஒரு கோச்சை அனுப்ப எழுபத்தைந்து மில்லியனுக்கும் மேல் ஒப்புக்கொண்டது. சம்பளம் வாங்காத மாணவர்கள் ஆடிய காலத்தில் வளர்ந்த பழக்கம் இது.

காசு உள்ளவர்கள் மீதி டிக்கெட்டை வாங்கிப் பெருமையைக் காத்தார்கள் என்றேனே, அது இந்த ஃப்ராஸ்ட் காலத்தில். கூட்டமைப்புப் பட்டம் என்று எடுத்துக்கொண்டால், நெப்ராஸ்கா கடைசியாக ஜெயித்தது 1999-ல். சோலிச் இருந்தபோது.

இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போன கதை என்று இதை முடித்துவிடலாம். ஆனால் ஜார்ஜியா பல்கலைக்கழகம் குறுக்கே நிற்கிறது. பதினைந்து சீசன் கோச்சாக இருந்த மார்க் ரிக்ட்டை 2015-ல் அனுப்பினார்கள். அவரும் நல்ல மனிதர், ஒன்பது வெற்றிக்காரர். பதிலுக்கு வந்த கர்பி ஸ்மார்ட் 2021, 2022 இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் வாங்கினார். ஆனால் ஸ்மார்ட் அதே ஜார்ஜியாவில் ஆடியவர், ரிக்ட்டிடமே ஒரு வருஷம் வேலை பார்த்தவர். வீட்டு மனிதரையே மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்து டென்னசியில் அது நடக்கவில்லை. 2008-ல் கோச் ஃபுல்மரை அனுப்பிவிட்டு வெளியிலிருந்து கொண்டுவந்த லேன் கிஃபின் ஒரே வருஷத்தில் கிளம்பிப் போனார்.

சோலிச் என்ன ஆனார்? ஒரு வருஷம் சும்மா இருந்தார். பிறகு ஒஹாயோ பல்கலைக்கழகம், ஏதன்ஸ் என்ற சிறு ஊர். அந்த அணிக்கு 1968-க்குப் பிறகு பவுல் ஆட்டமே கிடைத்ததில்லை. முதல் வருஷமே பிட்ஸ்பர்கைத் தோற்கடித்தார். இரண்டாவது வருஷம் பவுல். 2011-ல் அந்தப் பல்கலைக்கழக வரலாற்றின் முதல் பவுல் வெற்றி. பதினாறு சீசன், 115 வெற்றி. யாரும் அவரை அனுப்பவில்லை. உடம்பு முடியாமல் 2021-ல் அவராகவே விலகினார்.

இருபது வருஷம் அவர் மெமோரியல் ஸ்டேடியத்துக்குள் போகவில்லை. ஃப்ராஸ்ட்டுக்குப் பிறகு வந்த மேட் ரூல், எந்தச் சண்டையிலும் இல்லாத வெளியூர்க்காரர். அவர் கூப்பிட்டார். 2023 ஏப்ரல், வசந்தகாலப் பயிற்சி ஆட்டம். எழுபத்தெட்டு வயதில் சோலிச் வந்தார். அந்தக் காட்சியை நான் இங்கிருந்து கைபேசியில் பார்த்தேன். குள்ளமான மனிதர், சுற்றி நின்றவர்களின் தோளுக்குக் கீழே இருந்தார். கூட்டம் கைதட்டுகிற சத்தத்தில் ஒலிபெருக்கி என்ன சொன்னது என்றே கேட்கவில்லை. முதல் வரிசைகளில் இருந்த பையன்களைக் கவனித்தேன். அவர்களில் பாதிப்பேர் அவர் வேலையிழந்த நாளில் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.