என்ன வண்டி ஓட்டினான் உங்கள் பையன்?

(அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்று மாலை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதிப் போடுகிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும், எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்து இன்று கைத்தடியோடு படியேறி வந்திருக்கிற தலைமையாசிரியர் ஐயாவுக்கும், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்திருக்கிற அரசு மருத்துவமனை டாக்டருக்கும், நூலகர் அண்ணனுக்கும், காசு வாங்காமல் மைக்செட் போட்ட தம்பிக்கும் என் வணக்கம். தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன மழையில் ஒழுகிய இந்தக் கூரையை, மனு கொடுத்த பதினைந்தாம் நாளே சரிசெய்து கொடுத்தார். அந்த மனு ஞாபகத்தில் இருக்கட்டும் அம்மா, இன்று இன்னொன்று வைத்திருக்கிறேன்.

மூன்று விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். மனநோய்க்குப் பெயர் வைக்கிற முறை, மாத்திரை, அப்புறம் மாத்திரையோடு கூட வேறு என்ன செய்யலாம் என்பது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். அதன் அர்த்தம் எனக்குப் பெரியம்மா வீட்டில்தான் விளங்கியது.

பெரியம்மாவின் ஒரே மகன் பைபாஸில் பைக் விபத்தில் போய்விட்டான். இருபத்து மூன்று வயது. காரியம் எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, வீடு அடங்கிப்போன பிறகு, தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியம்மா இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவார். ஒன்று அவருக்கு, இன்னொன்று ஜன்னல் திண்டில். அதைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். டீ ஆறி ஆடை படிந்ததும் எடுத்து வாசலில் கொட்டிவிடுவார். முதலில் பார்த்த சொந்தக்காரர்கள் காற்றுகருப்பு என்று கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தார்கள். அப்புறம் பெரிய ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நானும் போயிருந்தேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "சத்தம் ஏதாவது கேட்குதாம்மா?" என்றார். பெரியம்மா, "ஆமா சார், கேட்குது, ராத்திரி பைக் வர்ற சத்தம் கேட்குது" என்றார். அவ்வளவுதான். ஃபைலில் மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் வரும் நோய், என்று எழுதியாயிற்று. உள்ளே போய் வெளியே வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் பெரியம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, எச்சில் ஒழுகி முந்தானை நனைந்துகொண்டே இருக்கும். ஃபைலில் இருந்த வார்த்தை எப்படியோ ஊருக்குள் கசிந்து, பெரியம்மாவின் மகளான அக்காவுக்குப் பேசிய சம்பந்தமும் நின்றுபோனது. பரம்பரையாக வருமாம். சொந்தக்காரர்கள் பேயைப் பார்த்தார்கள், டாக்டர் நோயைப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார் பைத்தியத்தைப் பார்த்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தார், அவரை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டர். ஃபைலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "என்ன வண்டிம்மா ஓட்டினான் உங்க பையன்?" என்று கேட்டார். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். வண்டியின் பெயர், கலர், முதல் தவணை கட்ட வளையலை அடகு வைத்தது, ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில், அன்று ராத்திரி தனக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் "வாங்கிட்டு வாடா" என்று அவனை அனுப்பியது தான்தான் என்று சொல்லி, மேஜையில் தலையை வைத்து அழுதார். எட்டு மாதமாக அது அவருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. வீட்டில் இத்தனை பேர் இருந்தும் யாரும் கேட்கவில்லை. அந்த டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார், மாதாமாதம் பேச வரச் சொன்னார். இப்போதும் நாலு மணிக்கு இரண்டு டம்ளர்தான். இரண்டாவதைப் பூக்காரம்மா வந்து குடித்துவிட்டுப் போகிறார்.

சரி, பெயருக்கு வருவோம். சர்க்கரை நோய்க்கு ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் அப்படி ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆள் சொல்வதையும் நடந்துகொள்வதையும் வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். அதனால்தான் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. எதிர்ப்பு கிளம்பியதால் 1974இல் உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பே நடத்தினார்கள். நீக்கியது சரி என்று 5,854 பேர், தவறு என்று 3,810 பேர். காசநோயை யாராவது ஓட்டுப் போட்டு நீக்கியதுண்டா? அந்தப் பட்டியலை அதே சங்கம் வெளியிடும் கையேட்டில், நெருங்கியவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் வரும் துக்கத்தைப் பொதுவாக மனச்சோர்வு நோய் என்று எழுதக்கூடாது என ஒரு விலக்கு இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். துக்கத்தோடு உண்மையான நோயும் சேர்ந்து வரலாம், அதைத் தவறவிடக் கூடாது என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து நிமிஷத்தில் பார்க்கிறவர் கையில் அந்தக் கையேடு என்ன ஆகும் என்பதைப் பெரியம்மா விஷயத்தில் பார்த்துவிட்டேன்.

நம் நாட்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சமூகத்தின் ஒழுக்கத்துக்கும் வழக்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது, முன்பு சிகிச்சை எடுத்தார் என்பது மட்டும் இன்றைக்கு ஆதாரமாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதையும் இதே சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதை நாம் மறக்க முடியாது.

மாத்திரை பற்றி இன்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். என் பேச்சைக் கேட்டு யாரும் இன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மாத்திரையால் எழுந்து நடமாடுகிறவர்களை எனக்குத் தெரியும். குறைப்பதானால் டாக்டரோடு பேசித்தான். மீதியை மேடையில் இருக்கிற டாக்டரே இன்னொரு நாள் பேசட்டும்.

மூன்றாவதுதான் என் மனதில் இருப்பது. பின்லாந்தில் டோர்னியோ என்ற ஊரில், நோயாளி, குடும்பம், டாக்டர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, நோயாளி முன்னாலேயே பேசி முடிவெடுக்கும் முறை இருக்கிறது. அதை விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நம் நிலைமைக்குப் பக்கமாக இருப்பது ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வே. ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர், பஸ்ஸுக்குக் காசில்லாமல் தன்னிடம் வர முடியாத ஒரு இளம்பெண் தற்கொலை செய்துகொண்டதைக் கேட்டு உடைந்துபோனார். 2006இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சு போட்டு, வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்க உட்காரவைத்தார். அந்தப் பாட்டிகள் நோய்ப்பெயர் எதுவும் சொல்வதில்லை. 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அவர்கள் மொழியில் 'ரொம்ப யோசிக்கிறது'. நம் வீட்டுப் பாட்டிகளும் "எதையோ போட்டு மனசைக் குழப்பிக்கிறா" என்றுதானே சொல்வார்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்துச் சோதித்து 2016இல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஐம்பது பேரிடம் மனச்சோர்வின் அறிகுறி இருந்தது, பெஞ்சில் பேசியவர்களில் பதினாலு பேரிடம்தான்.

தலைவர் அம்மா, மனு இதுதான். இந்த நூலக வராந்தாவில் இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி, புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி முதல் ஆறு மணி வரை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர் கஷ்டத்தைக் கேட்கப்போகிறவர்களுக்குப் பயிற்சி தரவும், நிஜமாகவே நோய் முற்றியவரை அடையாளம் கண்டு அனுப்பவும் டாக்டர் சம்மதித்திருக்கிறார். ஆறு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் என் பெரியம்மா. இன்னும் ஆறு பேர் வேண்டும். நோட்டு நூலகர் அண்ணன் மேஜையில் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.