தூண்டில் வளைவில் உட்கார்ந்தபடி

வணக்கம் நேயர்களே.

திருவொற்றியூர்க் கரையில் கடலுக்குள் நீளும் கற்குவியல்களுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். கடலரிப்பைத் தடுக்கப் போட்டவை. சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதன் சுவரில் முட்டி மெரினாப் பக்கம் சேர்ந்துவிட்டது. ராயபுரத்துக்கு வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்தது. அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து, பெயருக்கு நியாயம் செய்வதுபோல், இருபது ஆண்டுகளாகத் தூண்டில் போட்டு வருகிறேன். எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. மீன்பிடிப்பு வெறும் ஆசை. ஆகவே இது கடலோடியின் பேச்சல்ல, கரையோரத்து ஆசைக்காரனின் பேச்சு.

ஏப்ரல் பிறந்தால் நண்பர்கள் தவறாமல் கேட்பார்கள்: "தடைக்காலம் வருகிறதே, நாம் தூண்டில் போடலாமா?" கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை. முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் நீண்டது. இது விசைப்படகுகளுக்கான தடை. காசிமேட்டில் அவை வரிசையாகக் கட்டிக் கிடக்கும்; வலை பின்னும் வேலையும் சாயம் அடிக்கும் வேலையும் நடக்கும். ஃபைபர் படகுக்காரர்கள் போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள். கல்லில் உட்கார்ந்திருப்பவரை இந்தத் தடை தொடாது.

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் பெரும்பாலும் படகையும் வலையையும் பற்றியே பேசுகிறது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகு அதற்குள் மீன்பிடிக்கக் கூடாது. இழுவலையில் மீன் சேரும் மடிப்பகுதியில் வலைக்கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதிலெல்லாம் நமக்கு வேலையில்லை என்று நினைத்துத்தான் நான் பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு கொடுவா. எண்ணூர் முகத்துவாரத்தில், மழை ஓய்ந்த ஒரு விடியற்காலை, உயிர் இறாலை முள்ளில் குத்திப் போட்டேன். அரை மணி நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்தது, என் இடுப்பளவு மீன். பக்கத்தில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள். வீட்டில் அறுத்தால் வயிறு முழுக்கச் சினை. மனைவி அதை மிளகு போட்டு வறுத்துவைத்தார். ருசியாகத்தான் இருந்தது. பிறகுதான் இந்த மீனைப் பற்றிப் படித்தேன்.

கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைகிறது. சில ஆண்டுகள் ஆணாகவே வாழ்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. ஏறத்தாழ 80 சென்டிமீட்டரைத் தாண்டியது என்றால் அது பெரும்பாலும் பெட்டை என்று வைத்துக்கொள்ளலாம். கழிமுகத்தின் உவர்நீரில் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்கும் கடலோரத்துக்கும் வருகிறது. நல்ல எடையுள்ள ஒரு பெட்டை லட்சக்கணக்கில் முட்டையிடும். நாம் எதைப் பிடித்துப் பெருமைப்பட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோமோ, அதுவேதான் விட்டுவிட வேண்டிய மீன். அன்றிலிருந்து என் கணக்கு இது: முழங்கை நீளத்துக்குக் குறைந்த கொடுவாவும் வேண்டாம், இடுப்பளவு கொடுவாவும் வேண்டாம். நடுவில் இருப்பதில் ஒன்று போதும். எந்த அதிகாரியும் வந்து அளக்கப்போவதில்லை, நானே அளந்துகொள்கிறேன். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் மீனின் வழவழப்பு போகாது. கற்களில் வைத்துப் புரட்டாமல், தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றிவிடுவது நல்லது.

சட்டம் நம்மையும் தொடும் இடம் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வருகின்றன. தவறிச் சிக்கினாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வருகின்றன. அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பு அவற்றின் துடுப்பில் சுற்றிக்கொள்ளும். துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் குற்றம்தான். அங்கே மீன் நிறைய இருக்கிறது என்பது காவலரிடம் சொல்லும் பதிலாகாது.

கடல் நிலை பற்றிக் கொஞ்சம். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தைக் குப்பங்களில் வன்னி என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள். மழைக்காலத்தில் வன்னி ஓடும், தண்ணீர் கலங்கும். கோடையில் விடிந்ததும் கரைக்காற்று, கடல் அமைதியாக இருக்கும். நண்பகலுக்குள் கடற்காற்று எழுந்து ஈயக்குண்டைத் தூக்கி எறியும். கோடையில் அதனால் காலை பத்து மணிக்கே கல்லைவிட்டு எழுந்துவிடுகிறேன். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயர எச்சரிக்கை தருகிறது. எங்கோ தொலைவில் வீசிய புயலின் பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கல்லின் மேல் ஏறும். பாசி படிந்த கல்லில் ஒரு கால் வழுக்கினால் போதும்.

எண்ணூரில் ஒன்றை நினைவில் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலத்தை, காட்டுக்குப்பம் மீனவர்கள் வாளியில் அள்ளி அகற்றினார்கள். அந்தக் கழிமுகத்தில் மடவை மீனும் இறாலும் எடுத்துப் பிழைப்பவர்கள் அவர்கள். கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் அங்கே உண்டு. அவர்கள் வலை விரிக்கும் இடத்தில் நாம் முள் எறியக் கூடாது என்பதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேட வேண்டாம், "அண்ணே, இங்கே போடலாமா?" என்று கேட்டால் தெரிந்துவிடும். பெரும்பாலும், போடுங்கள் என்பார்கள். எந்த இரைக்கு எது கடிக்கும் என்றும் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு சிறு வைத்தியம். கெளுத்தி முள் குத்தினால் வலி உயிரைப் பிடுங்கும். பொறுத்துக்கொள்ளும் அளவு வெந்நீரில் குத்துப்பட்ட கையை அரை மணிக்கு மேல் வைத்திருங்கள். விஷம் சூட்டில் தளரும். அதன்பின் மருத்துவரிடம் காட்டுங்கள், முள் உள்ளே முறிந்திருக்கலாம். நான் இப்போதெல்லாம் தூண்டில் பையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எடுத்துப் போகிறேன். பெரும்பாலான நாட்களில் அது தேநீருக்குத்தான் பயன்படுகிறது.

வணக்கம்.