முதல் பந்து

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதில் போட்டிகளில் கைப்பந்து ஆடுவது பற்றிப் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கப்போகிறேன். அது என்னவென்று பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் என்னைத் தெரிந்தவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். அவர்கள் எழுந்து போய் காபி போடலாம்.

நான் சொல்ல வந்தது முதல் பந்து பற்றி. எதிரணி சர்வீஸ் போடுகிறது. அந்தப் பந்தை நம் பக்கம் யாரோ ஒருத்தி இரண்டு முன்கைகளையும் சேர்த்து வாங்கி செட்டருக்குக் கொடுக்கிறாள். செட்டர் அதைத் தூக்கிக் கொடுக்க, மூன்றாவது ஆள் எகிறி அடிக்கிறாள். கைதட்டல் மூன்றாவது ஆளுக்கு, பேப்பரில் படமும் அவளுக்கே. காலையில் என்னிடம் பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் முதல் வாரமே, "மேடம், ஸ்மாஷ் எப்போ சொல்லித் தருவீங்க?" என்றுதான் கேட்பார்கள். "எங்க பொண்ணுக்கு முதல் பந்து வாங்கக் கத்துக்கொடுங்க" என்று கேட்ட ஒரு தகப்பனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 1986-இல் சியோல் ஆசியப் போட்டியில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது எங்கள் மர்ஃபி டவுன் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ஜிம்மி ஜார்ஜ் ஆனோம். கேரளத்துக்காரர், இத்தாலிக்குப் போய் ஆடியவர், அவர் எகிறி நிற்பதைப் பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நாங்கள் வாசல் நிலையின் மேல்கட்டையைத் தொட்டுத் தொட்டுக் குதித்தோம். அவருக்கு முதல் பந்தை வாங்கிக் கொடுத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடும் மேட்சை நீங்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். கண்டீரவா ஸ்டேடியம் பக்கம் போகும்போது ஒரு அரை மணி நேரம் நின்று பார்த்தாலும் போதும். ஒரு பெண் சர்வீஸ் போடுவாள், பந்து திரும்பி வராது. மறுபடி போடுவாள், மறுபடியும் வராது. ஆறு, ஏழு புள்ளி ஒரே கையில் போய்விடும். ஸ்மாஷ் அடிக்க வாய்ப்பே வந்திருக்காது. தேறிய அணிகளில் இது தலைகீழ். அங்கே சர்வீஸ் வாங்கும் அணிதான் பெரும்பாலும் புள்ளி எடுக்கும். சிறுவர் ஆட்டத்துக்கும் பெரியவர் ஆட்டத்துக்கும் நடுவில் உள்ள தூரம் முழுக்க அந்த முதல் பந்தில் இருக்கிறது என்பது என் கட்சி. திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கோச் கதையைச் சொல்லாமல் இது முடியாது. அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் இருக்கிறது இல்லையா, 'தம்பிகள்' என்று பேர் வாங்கிய படை, அதிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் அவர். எங்களுக்கு ஹவில்தார் மாமா. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வலையே கட்டவில்லை. கம்பங்கள் மட்டும் நிற்கும். ஒரு பழைய மேசையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டு எங்கள்மேல் பந்தாகப் போடுவார். வலது பக்கம், வலை இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு எட்டு உள்ளே, மார்க்கெட்டில் தக்காளி கொண்டுவரும் மூங்கில் கூடை ஒன்று. அதுதான் செட்டர். நாங்கள் வாங்கும் பந்து கூடையில் விழ வேண்டும். விழுந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். விழாவிட்டால், "எங்க போச்சு?" என்று மட்டும் கேட்பார். நாங்களே ஓடி எடுத்துவர வேண்டும்.

தெருவில் கேலி. "வலை இல்லாம என்ன வாலிபால், துணி காயப்போடவாவது கம்பம் ஆச்சு" என்பார்கள். முன்கை இரண்டும் சிவந்து, புள்ளி புள்ளியாய் ரத்தம் கட்டி வீட்டுக்குப் போவோம். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே யாரடி அடிச்சது என்று கேட்பாள். வளையல் எல்லாம் பெட்டிக்குள் போனது அப்போதுதான்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் ரகசியம் எதுவும் கிடையாது. கையை வீசாதே, அவ்வளவுதான். வேகம் பந்திலேயே இருக்கிறது, நீ வேறு அதற்கு வேகம் சேர்க்காதே. முன்கை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம் பந்து போகும். வேலை முழுக்கக் காலுக்கு. பந்து வருவதற்குள் அதன் நேர் பின்னால் போய் நின்றுவிடு, முழங்காலை மடி, சும்மா இரு. சும்மா இருப்பதுதான் கஷ்டம், எந்தப் பிள்ளையாலும் முடியாது.

அதிலும் சுழலாமல் வரும் சர்வீஸ் இருக்கிறதே, அது ஒரு பாவி. பந்தின் எடை 260-இலிருந்து 280 கிராம்தான். சுழன்று வந்தால் எங்கே இறங்கும் என்று ஓரளவு கணக்குப் போடலாம். சுழலாமல் வந்தால் பந்தின் தையலைத் தாண்டும் காற்று ஒரு பக்கம் ஒரு மாதிரி பிரியும், பந்து கடைசி நேரத்தில் தோளைக் குலுக்கிக்கொண்டு விலகிப் போகும். நீங்கள் சரியான இடத்தில்தான் நின்றிருப்பீர்கள், பந்துதான் அங்கே இருக்காது.

மழைக்காலம் முடிந்து எங்களை மாரிகுப்பம் ரயிலில் ஏற்றிக் கோலார் தங்கவயலுக்குக் கூட்டிப் போனார். அப்போது சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்தைச் சுற்றி நம் தமிழ் ஜனம்தான். பக்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு, காற்றடித்தால் சாம்பல் நிறப் புழுதி கண்ணை மறைக்கும். எதிரணியில் ஒரு பெண் இருந்தாள், எங்கள் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். பயிற்சியில் அவள் அடித்த அடியைப் பார்த்தே எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது.

மாமா அவளை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பார்க்கச் சொன்னார். காற்றோடு சேர்த்துச் சுழலாத சர்வீஸாகப் போடச் சொன்னார். போட்டோம். அவர்களுடைய முதல் பந்து ஒன்று கூட்டத்துக்குள் போகும், ஒன்று எங்கள் பக்கமே திரும்பி வந்துவிடும். உயரப் பெண் வலைக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள். அவளுக்கு ஒரு நல்ல பந்துகூட வந்து சேரவில்லை. "பாவம் அந்தப் பொண்ணு, இலை போட்டு உக்கார வெச்சுட்டாங்க, பரிமாற ஆள் இல்லை" என்றார் மாமா. எனக்கு இன்றைக்கும் கைப்பந்து என்றால் அந்த வாக்கியம்தான்.

ஒரு சின்ன விஷயம், சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் அணி பெங்களூர் அணி இல்லையா, தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் கலந்தது. இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால் ஆளுக்கொரு பாஷையில் கத்தி, மோதிக்கொண்டு விழுவோம். மாமா கன்னடத்தில் ஒரே சொல் என்று முடிவு செய்தார். 'நந்து', என்னுடையது. முதலில் கத்துகிறவளுக்குப் பந்து, மற்றவள் விலக வேண்டும். தங்கவயலில் ஆட்டம் முழுக்க நந்து நந்து என்று கத்தினோம். முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, "யாரும்மா அந்த நந்து? எல்லாரும் அவளையே கூப்பிட்டீங்க, ஒரு தடவைகூட வரலையே" என்றாள்.

சரி, கட்சிக்கு வருகிறேன். முதல் பந்து கூடையில் விழுந்தால் செட்டருக்கு முன்னால் இரண்டு மூன்று வழி இருக்கும். யாருக்குக் கொடுப்பாள் என்று எதிரணித் தடுப்புக்குத் தெரியாது. முதல் பந்து தள்ளிப் போனால் ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிக் கொடுப்பது ஒன்றுதான் வழி. அது ஊருக்கே தெரியும். இரண்டு பேர் வந்து சுவர் மாதிரி நின்றுவிடுவார்கள். அப்புறம் அடிப்பவளைத் திட்டி என்ன பயன்?

இதையெல்லாம் தேர்வாளர்களிடம் சொல்லிப் பாருங்கள். நான் போன ஒரு தேர்வில் சுவரில் அளவு நாடா ஒட்டியிருந்தார்கள். உயரம் பார்த்தார்கள். கையில் சாக்பீஸ் மாவு தடவி எகிறச் சொல்லி அதையும் அளந்தார்கள். ஒருத்திக்குக்கூடப் பந்து போட்டு வாங்கச் சொல்லவில்லை. பெண்கள் வலை 2.24 மீட்டர், உயரம் வேண்டாம் என்று யார் சொன்னது? வேண்டும். ஆனால் உயரத்தைப் பயிற்சியில் வளர்க்க முடியாது, முதல் பந்தை வளர்க்க முடியும். எது நம் கையில் இருக்கிறதோ அதைத்தானே அளக்க வேண்டும்?

எனக்கு ஐந்தடிக்கு மேல் ஏதோ கொஞ்சம். என்னைப் போன்றவர்களுக்கென்றே உலகக் கைப்பந்துச் சம்மேளனம் 1998-இல் 'லிபரோ' என்று ஓர் இடம் கொண்டுவந்தது. வேறு நிறச் சட்டை போட்டுப் பின்வரிசையில் நிற்கும் ஆள். தடுப்புக்கு எகிறக் கூடாது, வலைக்கு மேலிருக்கும் பந்தை அடிக்கக் கூடாது, வாங்குவதுதான் வேலை. கேள்விப்பட்டபோது எனக்குக் கல்யாணம் ஆகி இடுப்பில் குழந்தை.

அதையொட்டியே புள்ளிக் கணக்கும் மாறியது. எங்கள் காலத்தில் செட்டுக்கு 15, சர்வீஸ் யார் பக்கமோ அவர்களுக்கு மட்டும் புள்ளி. இப்போது 25, ஒவ்வொரு பந்துக்கும் யாருக்காவது புள்ளி உண்டு. நம் பெங்களூர் அணி டார்பிடோஸ் ஆடும் பிரைம் வாலிபால் லீக் 2022-இல் தொடங்கியபோது செட்டை 15 புள்ளிக்கே சுருக்கிவிட்டார்கள். அதில் தொடர்ந்து மூன்று முதல் பந்து தவறினால் செட் ஏறக்குறைய போன மாதிரிதான். என் கட்சிக்கு ஆள் சேர்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, பரீட்சையும் போட்டியும் ஒரே மாதத்தில் வருவது, எல்லாம் எழுதி வைத்திருந்தேன். போகட்டும். காயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கைப்பந்தில் அதிகம் வருவது கணுக்கால் சுளுக்கு. எகிறி இறங்கும்போது நடுக்கோட்டுப் பக்கம் இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்குவதால் வருவது. பிள்ளைகளுக்கு எகிறக் கற்றுத் தருவதோடு இறங்கவும் கற்றுத் தாருங்கள், இரண்டு காலில், முழங்காலை மடித்து. அடுக்குமாடி வளாகத்தில் சிமெண்ட் தரையில் நாள் பூரா ஸ்மாஷ் பழக விடாதீர்கள். வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்றால் சும்மா வளருகிற வலி என்று விட்டுவிடாமல், எகிறுவதை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். எகிற முடியாத அந்த நாட்களில் பிள்ளை வீட்டில் சும்மா உட்கார வேண்டியதில்லை. டாக்டர் சரியென்றால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரில் நின்று பந்தைப் போடுங்கள். வாங்கட்டும்.

ஷூ பற்றியும் ஒன்று... இல்லை, விரலை மடக்கிவிட்டார். நன்றி, வணக்கம்.