பூப்போட்ட டேப்பும் பறக்கும் தட்டும்

அவைத்தலைவர் அவர்களே, கூட்டம் தொடங்கும் முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்ட நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயா அவர்களே (பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று போகிற இடமெல்லாம் கேட்கிறேன், யாரும் காதில் வாங்குவதாயில்லை), வாசகர் வட்டத் தோழர்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் பேசுவேன் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். 1944இல் ரைன் ஆற்றுப் பக்கம் அமெரிக்க விமானிகள் பார்த்த ஒளிப்பந்துகள், ஹிட்லரின் பறக்கும் தட்டு, வேற்றுக்கிரகத் தட்டு விழுந்ததாகச் சொல்லப்படும் அமெரிக்க ஊர் ராஸ்வெல். கொடுத்திருப்பது இருபது நிமிடம். பார்ப்போம்.

என் கூட்டத்துக்கு ஏற்கெனவே வந்தவர்களுக்கு அடுத்த வரி தெரியும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். சிரிக்காதீர்கள், இன்னும் வரும்.

சதி, ரகசியம் என்று பேசுகிறவர்களை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அரசாங்கங்கள் மறைத்திருக்கின்றன. 1944 செப்டம்பர் 8 அன்று லண்டன் சிசிக்கில் ஒரு தெரு திடீரென்று வெடித்துச் சிதறியது. விமானம் வந்த சத்தமே இல்லை. விழுந்தது ஜெர்மனியின் வி-2 ராக்கெட். ஒலியைவிட வேகமாக வருவதால், வெடித்த பிறகுதான் அதன் இரைச்சலே கேட்கும். அரசு வாயைத் திறக்கவில்லை. கேஸ் குழாய் வெடித்ததாகப் பேச்சு கிளம்பியது. ‘பறக்கும் கேஸ் குழாய்’ என்று ஜனங்கள் கிண்டலடித்தார்கள். நவம்பர் 10ஆம் தேதிதான் சர்ச்சில் உண்மையைச் சொன்னார்.

வி-2 இருந்தது சரி, அதனால் ஹிட்லரிடம் தட்டும் இருந்தது என்கிறார்களே, அங்கேதான் நிற்க வேண்டும். வி-2வுக்குத் தொழிற்சாலை இருந்தது, விழுந்த குழி இருந்தது, பிடிபட்ட பொறியாளர்கள் இருந்தார்கள். தட்டுக்கு? போர் முடிந்து சில வருடம் கழித்துப் பத்திரிகைகளில் வந்த கதைகள்தான் இருக்கின்றன.

சரி, ராஸ்வெல். 1947 ஜூன், நியூ மெக்சிகோ. பிரேசல் என்றொரு பண்ணை மேற்பார்வையாளர். எட்டு வயது மகனோடு போகையில் மேய்ச்சல் நிலத்தில் ஏதோ குப்பை சிதறிக் கிடக்கிறது. மனிதருக்கு ஆயிரம் வேலை, பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஜூலை 4 அன்று வீட்டுக்காரம்மா, பிள்ளைகளோடு போய்ப் பொறுக்குகிறார். இதற்கிடையில் ஜூன் 24 அன்று ஆர்னால்டு என்ற விமானி ஒன்பது மர்மப் பொருள்களை வானத்தில் பார்த்ததாகச் சொல்ல, நாடெங்கும் தட்டுப் பேச்சுதான். கம்பளி விற்க ஊருக்கு வந்த பிரேசல், ஷெரிப் காதில் கிசுகிசுக்கிறார். ஷெரிப் விமானப்படைத் தளத்துக்குச் சொல்கிறார். சாதாரணத் தளமா அது? அணுகுண்டுப் படைப்பிரிவு இருந்த இடம். ஜூலை 8, ‘பறக்கும் தட்டு எங்கள் கையில்’ என்று தளமே அறிக்கை விடுகிறது! அன்றைக்கே விமானப்படை மேலதிகாரி ஜெனரல் ரேமி, ‘தட்டுமில்லை கிட்டுமில்லை, வானிலை பலூன்’ என்கிறார்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் பிரேசலின் பேட்டி. கிடந்தது என்ன? ரப்பர் துண்டு, ஈயத்தாள், கெட்டிக் காகிதம், குச்சி. மொத்தமே ஐந்து பவுண்டு இருக்கலாமாம். ஸ்காட்ச் டேப் நிறைய. அப்புறம் பூப்போட்ட டேப்! அத்தனை தூரத்திலிருந்து வருகிறவன் பூப்போட்ட டேப்பா ஒட்டிக்கொண்டு வருவான்? (பலத்த சிரிப்பு.) இனி வெடிகுண்டைத் தவிர எதைக் கண்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று பிரேசல் சலித்துக்கொண்டாராம்.

ஆனால் வானிலை பலூன் என்றதும் உண்மையில்லை. ‘மோகல்’ என்ற ரகசியத் திட்டம் அது. சோவியத் அணுகுண்டு சோதனையின் ஒலியை உயரத்திலிருந்து பிடிக்கப் பலூன்களை வரிசையாகக் கட்டி விட்டார்கள். விமானப்படை அதை 1994இல்தான் விளக்கியது. பலூன் போகுமிடம் ரேடாரில் தெரிவதற்காகக் கட்டிய பிரதிபலிப்பானில் பூப்போட்ட டேப் ஒட்டியது உண்டு என்று அதில் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். செத்த வேற்றுக்கிரகவாசிகள் எல்லாம் பல வருடம் கழித்து வந்து சேர்ந்தவர்கள். அந்தப் பேட்டியில் ஒரு பிணமும் கிடையாது.

தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். விசாரிக்கக் காகிதம் வேண்டாமா? அந்த 1947 பத்திரிகையை எடைக்குப் போட்டிருந்தால் பூப்போட்ட டேப்பை எங்கே தேடுவது? நம் பக்கத்திலேயே ஒரு நூலகத்தில், பைண்டு செய்த பழைய நாளிதழ்களை இடமில்லை என்று கிலோ கணக்கில் போட்டுவிட்டார்கள். எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை, எதிரே இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்கேன் செய்து முடிக்கும்வரை ஒரு தாளும் வெளியே போகக்கூடாது, அடுக்கிவைக்க ஒரு அறை வேண்டும். இதுதான் கோரிக்கை. மார்க்கெட் கட்டட மாடி பூட்டியே கிடக்கிறது, நகர்மன்றத் தலைவர் மனது வைக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று அவைத்தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஒளிப்பந்துகள் அடுத்த கூட்டத்துக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு முகவரியும் எழுதுங்கள், இல்லாவிட்டால் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள். வணக்கம்.