இரவல் அளவுகோல்

நல்லூரில் அண்மையில் நான் ஆற்றிய உரை இது. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால், பேசியபடியே, கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

அவையோருக்கு வணக்கம். வணிக நிறுவனங்களின் முகாமைத்துவ முறைகளும் தொழில்நுட்பமும் பல்கலைக்கழகத்துக்குள் எப்படி வருகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் பல்கலைக்கழக நிருவாகத்தில் இருந்தவன் நான். அதில் பாதிக்காலம் மாணவர் பதிவுக் கிளையில். ஆகவே அந்தக் கிளையின் யன்னலில் இருந்தே தொடங்குகிறேன்.

புதிதாக ஒரு மாணவர் தகவல் மென்பொருள் வாங்கிப் பூட்டியிருந்தோம். முதல் மாதமே முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி யன்னலுக்கு வந்தாள். ‘சேர், இதில என்ர பெயரை மாத்தித் தரலாமோ?’ என்று கேட்டாள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கணினியில் உள்ள பெயரையும் ஒத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து சரி. ‘பெயர் சரியாத்தானே இருக்குப் பிள்ளை?’ என்றேன். அவள் கைத்தொலைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். திரையின் மேல் வரியில் ‘வணக்கம்’ என்று போட்டு, பக்கத்தில் அவளுடைய தகப்பனாரின் பெயர்.

அந்த மென்பொருளை எழுதியவர்களின் ஊரில் முதலில் வருவது ஆளின் பெயர், பிறகு வருவது குடும்பப் பெயர். நம்முடைய முழுப்பெயரில் தகப்பன் பெயர் முன்னுக்கு, நம் பெயர் பின்னுக்கு. அதனால் அந்த வருடம் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும் அது தகப்பன் பெயர் சொல்லியே அழைத்துக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவளுடைய தகப்பனார் 2009இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர். ‘ஒவ்வொரு நாளும் திறக்கேக்க அப்பாவைக் கூப்பிடுது சேர்’ என்றாள்.

விற்ற நிறுவனத்துக்கு எழுதினோம். வேறு எந்த வாடிக்கையாளரும் இப்படி முறையிடவில்லை, மாற்றுவதென்றால் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளையிடம் பிறகு வருகிறேன்.

ஒரு கருவியை வாங்கினால், அதைச் செய்தவர் யாரை மனதில் வைத்துச் செய்தாரோ அந்த ஆளும் கூடவே வருகிறார். முகாமைத்துவ முறைகளிலும் இது உண்டு. ரொபேர்ட் மக்னமாரா ஃபோர்ட் மோட்டார் கம்பனியின் தலைவராக இருந்தவர். 1961இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ஆனார். ஒவ்வொரு செலவையும் ஒரு நோக்கத்தோடு சேர்த்துக் கட்டி, எந்த வழியில் பலன் கூட என்று கணக்குப் பார்க்கும் பாதீட்டு முறையை அங்கே கொண்டுவந்தார். 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் அதை மற்ற அரச திணைக்களங்களுக்கும் விரித்தார். பல்கலைக்கழகங்கள் சிலவும் எடுத்துப் பார்த்தன. 1971இல் அரசாங்கமே அதைக் கைவிட்டது. அப்புறம் பூச்சியத்தில் இருந்து தொடங்கும் பாதீடு வந்தது. போன வருடச் செலவை அப்படியே எடுக்காமல் ஒவ்வொரு செலவையும் புதிதாக நியாயப்படுத்தக் கேட்கும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியில் பிறந்த முறை அது. ஜனாதிபதி கார்ட்டர் 1977இல் அரசுக்குள் எடுத்தார், அடுத்து வந்த றேகன் 1981இல் நிறுத்தினார். 1992இல் கப்லனும் நோர்ட்டனும், நிறுவனத்தைக் காசுக் கணக்கால் மட்டும் அளக்காமல் வேறு பக்கங்களாலும் அளக்கும் சமநிலைப் புள்ளியட்டையைக் கொண்டுவந்தார்கள். ரொபேர்ட் பேர்ன்பாம் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 2000ஆம் ஆண்டில் இந்த வரிசையைத் தொகுத்துப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: வணிக உலகம் ஒரு முறையைக் கைவிடத் தொடங்கும் வேளையில்தான் அது பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறது.

பிறகு ஏன் வாங்குகிறோம்? பெரும்பாலும் காசு தருகிறவர் கணக்குக் கேட்கிறார் என்பதால்தான். பிரித்தானியாவில் 1985இல், பல்கலைக்கழக நிருவாகத்தை ஆராய்ந்த ஜராட் குழு, துணைவேந்தர் கல்விமானாக இருந்தால் மட்டும் போதாது, நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியாகவும் நடக்கவேண்டும் என்றது. இங்கே உலக வங்கிக் கடனோடு 2003இல் இர்க்கியூ, 2010இல் எச்.ஈ.ரி.சி., 2017இல் அஹெட் என்று உயர்கல்வித் திட்டங்கள் வந்தன. அவற்றால் கிடைத்த ஆய்வுகூடங்களையும் பயிற்சிகளையும் நன்றியோடு நினைக்கிறேன். மூலோபாயத் திட்டம், செயலாற்றுகைக் குறிகாட்டி, சுயமதிப்பீட்டு அறிக்கை என்ற சொற்கள் நம் கந்தோர்களில் புழங்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

கணக்குக் கேட்பது பிழை என்று நான் சொல்லமாட்டேன். இலவசக் கல்வி என்கிறோம். திருநெல்வேலிச் சந்தையில் சீனியும் மாவும் வாங்குகிற மனுசி கொடுக்கும் வரியில்தான் அது நடக்கிறது. அவவுக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். எதை எண்ணிக் காட்டுவது என்பதில்தான் என்னுடைய வழக்கு.

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. வட்டுக்கோட்டைக்குப் போங்கள். அமெரிக்க மிசனரிமார் 1823இல் அங்கே ஒரு செமினறி தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் என்று அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே சில இடங்களில்தான் கிடைத்த படிப்பு. படித்த பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகம் தேடி வந்தது. 1855இல் றூபஸ் அண்டர்சன் தலைமையில் அமெரிக்காவில் இருந்து ஒரு குழு வந்தது. இன்றைய மொழியில் சொன்னால் அது நிறுவன மதிப்பீட்டுக் குழு. அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான்: இத்தனை செலவில் எத்தனை போதகர்கள் உருவானார்கள், எத்தனை பேர் ஆங்கிலம் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போனார்கள்? காசு கொடுத்தவர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்த எண்ணிக்கையில் செமினறி தோற்றது. அதே வருடம் மூடினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றினார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். 1855இல் வந்த குழுவின் படிவத்தில் கலித்தொகையைப் பதிய ஒரு நிரல் இருந்திருக்க வழியில்லை. முப்பது வருடம் கழித்து வரப்போகும் பலனை எந்தப் படிவமும் கேட்பதில்லை. அளவுகோலை இன்னொருவரிடம் இரவல் வாங்கினால், நம்மிடம் இருக்கும் நல்லது நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

சரி, இன்றைய கந்தோருக்கு வருவோம். ஒருமுறை, பெறுபேற்றுச் சான்று கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்தின் பின்னால் நானே நடந்து பார்த்தேன். சிறாப்பரிடம் காசு கட்டி, துறைக்குப் போய், நூலகத்துக்குப் போய், விடுதிக்குப் போய், பீடாதிபதி கந்தோருக்குப் போய், கடைசியில் பரீட்சைக் கிளைக்கு வந்தது. ஏழு கையெழுத்து. அதில் நான்கு பேரிடம், எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். முதல் ஆள் போட்டிருக்கிறார், அதனால் போடுகிறேன் என்றார்கள். பிறகு அதைக் கணினிமயமாக்கினோம். ஏழு கையெழுத்து ஏழு சொடுக்கு ஆனது. முன்பென்றால் பிள்ளை தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்கு மேசை போய் நின்று வாங்கிவிடும். இப்போது யாருடைய திரையில் தேங்கி நிற்கிறது என்றே தெரியாது. நான்கு கையெழுத்தை முதலில் எடுத்துவிட்டுக் கணினியைக் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த நேரம் எனக்கு அது ஓடவில்லை, இன்றும் அது மனதை உறுத்துகிறது.

பெரிய இடங்களுக்கும் இது நடந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் ஒரு புதிய கணக்கு மென்பொருளை ஒரே மூச்சில் இயக்கியது. துறைகளுக்குத் தங்கள் கையிருப்பு எவ்வளவு என்றே பார்க்க முடியாமல் போனது. அடுத்த வருடம் வந்த விசாரணை அறிக்கை, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைப் போதிய அளவு கலந்து பேசவில்லை, போதிய பயிற்சி கொடுக்கவில்லை என்று எழுதியது. எண்ணூறு வருடத்துக் கல்விக்கூடத்துக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது.

கொரோனாக் காலத்தை எடுங்கள். 2020 மார்ச்சில் வாசல்கள் மூடின. சில வாரங்களில் விரிவுரைகள் சூமுக்கும், பாடங்களை ஏற்றி வைக்கும் மூடில் என்ற மென்பொருளுக்கும் மாறின. நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. மூடிலைச் செய்தவர் மார்ட்டின் டூகியாமஸ் என்ற அவுஸ்திரேலியர். பாலைநிலத்து ஊரில், வானொலி வழியே பாடம் கேட்டு வளர்ந்தவர். அதனால்தானோ என்னவோ, வன்னியில் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று சிக்னல் பிடித்த நம் பெடியனுக்கும் அந்த மென்பொருள் ஓரளவு பொருந்தியது. சூம் அறுந்தால் அறுந்ததுதான். மூடிலில் பாடம் கிடக்கும், இரவில் சிக்னல் வந்ததும் இறக்கிக்கொள்ளலாம். அந்த இரண்டு வருடமும் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்த கருவி அது. அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

ஆனால் எல்லோரும் திரும்பி வந்தபின் என்ன நடந்தது? மூடிலில் எத்தனை கோப்பு ஏற்றினார் என்பது விரிவுரையாளரை அளக்கும் கோலாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஓர் இளம் விரிவுரையாளர், ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளைப் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு மரத்தடியில் இருத்தி, அன்றைய பாடத்தைத் தமிழில் ஒருமுறை திரும்பச் சொல்லுவார். அதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. கோப்பு குறைவு என்று அவருக்குக் கடிதம் போனது. அவர் ஒரே பாடக்குறிப்பைப் பதினான்காக வெட்டி ஏற்றினார். அடுத்த வருடம் அவருடைய புள்ளி உயர்ந்தது. அந்த ஏற்றும் வேலையில் மரத்தடி வகுப்பு நின்றுபோனது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சுக்கு அனுப்பிய கந்தோரில் நானும் இருந்தேன்.

நன்றாக நடந்தவற்றையும் சொல்லவேண்டும். நூலகங்களில் கோஹா என்ற மென்பொருள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற சிறு பிரதேசத்து நூலகத்தின் பழைய கணினி முறை 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தபோது, பெரிய மென்பொருள் வாங்கக் காசு இல்லாமல், தங்கள் தேவைக்கென்று எழுதுவித்தது. நூலகர்களே என்ன வேண்டும் என்று சொல்லச் சொல்ல எழுதியது. பிறகு உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. நம்மிடம் ‘நூலகம்’ என்ற இணைய நூலக நிறுவனம் இருக்கிறது. 2005இல் தொடங்கி, விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கியை எடுத்து, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கலைக்களஞ்சியத்துக்கென்று எழுதிய மென்பொருளை ஏட்டுக்கும் இதழுக்கும் பொருந்தும்படி வளைத்தார்கள். எதை எண்ணவேண்டும் என்பதில் அவர்களுக்குத் தடுமாற்றம் இருந்திருக்காது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஊர் இது. இன்னும் காப்பாற்றப்படாத பிரதி எது என்பதுதான் இங்கே கேள்வி.

இந்த மண்டபத்தில் பல்கலைக்கழகத்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த மென்பொருளை வாங்க விலைக் கேள்விப்பத்திரம் கோரும் முன், அந்த வேலையைச் செய்யும் லிகிதரின் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு ஒரு கிழமை இருங்கள். அவரிடம் ஒரு கொப்பி இருக்கும். எந்தக் கிளையிலும் இருக்கும், நான் பார்க்காத கிளையே இல்லை. முறைக்குள் அடங்காததை எல்லாம் அவர் அதில் எழுதி வைத்திருப்பார். நீங்கள் வாங்கப்போகும் முறைக்கு அந்தக் கொப்பியை விடச் சிறந்த விவரக்குறிப்பு கிடைக்காது.

அந்தப் பிள்ளையின் அலுவலையும் ஒரு கொப்பிதான் முடித்தது. எங்கள் கிளையில் இருந்த லிகிதர் அம்மா, பதிவு நாளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘வீட்டில என்னெண்டு கூப்பிடுறவை?’ என்று கேட்டு எழுதி வைப்பவர். கணினிப் பிரிவில் இருந்த தம்பி ஒருவர், அந்த மென்பொருளின் தரவுத்தளத்தில் யாரும் பாவிக்காத ஒரு நிரலைக் கண்டுபிடித்தார். அழைக்கும் பெயரை அதில் போட்டு, வணக்கம் சொல்லும் வரியை அங்கே இருந்து எடுக்கும்படி திருப்பினார். ஒரு பின்னேர வேலை. பெயர்களை ஏற்றத்தான் இரண்டு கிழமை ஆனது. சிங்களப் பிள்ளைகளின் பெயர் ஒழுங்கு வேறு, முஸ்லிம் பிள்ளைகளுடையது வேறு, கொப்பியில் தெளிவில்லாதவர்களை அம்மா கூப்பிட்டே கேட்டார்.

முடிந்ததும் அந்தப் பிள்ளையை வரச்சொல்லிக் காட்டினேன். திரையில் அவளுடைய பெயர். பார்த்தாள், தலையை ஆட்டினாள், போகத் திரும்பினாள். பிறகு யன்னலுக்குத் திரும்பி வந்து கேட்டாள்: ‘சேர், பட்டச் சான்றிதழில அப்பான்ர பெயர் முன்னுக்கு வரும்தானே?’