மரவில்லுக்கு எந்த எண்ணெய், எப்படிப் பூசுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கையால் வில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த நாள் வரும். அரத்தால் ராவி, சுரண்டியால் இழை இழையாகச் சுரண்டி, கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு கரங்களும் ஒன்றுபோல வளைகின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்து, நாணேற்றி நூறு அம்பும் விட்டாயிற்று. மரம் வில்லாகிவிட்டது. இனி மேலே என்ன பூசுவது? வில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த எண்ணெய் நல்லது?” என்றுதான். எண்ணெயின் பெயரைவிட, பூசிய எண்ணெயை எப்படித் துடைக்கிறோம் என்பதே பெரிய விஷயம் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஆனாலும் கேள்வி நியாயமானது. அங்கிருந்தே தொடங்குவோம்.

எதற்காகப் பூசுகிறோம்? மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் பல வாரம் கிடந்த மரத்தில், அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீர் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் மரத்தின் நீர் 16 சதவீதம் வரை ஏறிவிடும். வில்லுக்கு 8 முதல் 10 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் மரம் தளர்ந்து, நாணை இறக்கிய பிறகும் வில் நேராகாமல் கூன் விழுந்து நிற்கும். மிகவும் காய்ந்து போனாலோ, ஒரு நாள் முழுதாக இழுக்கும்போது முறியும். இந்த ஏற்ற இறக்கம் திடீரென்று நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் பூச்சு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எண்ணெய்ப் பூச்சு ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். தூறலில் நின்றால் நீர்த்துளி உருண்டு ஓடும். காற்றில் கலந்திருக்கும் ஈரமோ வாரக்கணக்கில் மெல்ல உள்ளே போய்விடும். “மரம் எண்ணெய் குடித்தால் வலுவாகும்” என்று ஒரு பேச்சும் உண்டு. வெட்டி உலர்த்திய மரத்துக்குப் பசி இல்லை. எண்ணெய் பக்கவாட்டில் மேல்தோல் அளவுக்குத்தான் இறங்கும். வில்முனைகளில் இழை குறுக்காக வெட்டுப்பட்ட இடத்தில்தான் ஆழமாகப் போகும். ஈரம் நுழைவதும் அந்த வாசல் வழியாகவே அதிகம் என்பதால், முனைகளுக்கு எப்போதும் ஒரு கை கூடவே கொடுக்கிறேன்.

சரி, எந்த எண்ணெய்? என் ஆரம்ப நாட்களில் ஒரு வில்லுக்குச் சமையலறையில் இருந்த எண்ணெயைப் பூசினேன். முதல் நாள் அழகாக மின்னியது. ஒரு வாரம் கழித்தும் கையில் பிசுக்கு. ஒரு மாதம் கழித்துத் தூசி படிந்து, கைப்பிடி வழுக்கி, காறல் வாடையும் வந்துவிட்டது. கடைசியில் மேல் மரத்தையே சுரண்ட வேண்டியதாயிற்று. சுரண்டச் சுரண்ட வில்லின் இழுவிசை குறையும். அந்த இழப்பைத் திரும்பப் பெற வழியே இல்லை.

அன்று நான் புரிந்துகொள்ளாத விஷயம் இதுதான். எண்ணெய் உலர்வது என்றால் நீர் உலர்வதுபோல ஆவியாகிப் போவதில்லை. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மெல்லிய ரப்பர் போன்ற தோலாக மாறும். அப்போது அவற்றின் எடை கூடவே செய்யும். ஆளிவிதை எண்ணெய், டங் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய், வால்நட் எண்ணெய் ஆகிய மூன்றும் இப்படி உலர்பவை. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், மினரல் ஆயில் ஆகியவை எத்தனை மாதமானாலும் எண்ணெயாகவே இருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றது, ஆக்சிஜன் பற்றிக்கொள்ள அதில் இடமே இல்லை. வில்லுக்கு உலரும் எண்ணெய் மட்டும்தான். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஆளிவிதை எண்ணெயை லின்சீட் ஆயில் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். பச்சையாக வாங்கினால் ஒவ்வொரு பூச்சும் உலர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஈரமான இடங்களில் அதன்மேல் பூஞ்சையும் பிடிக்கும். ‘பாய்ல்டு லின்சீட் ஆயில்’ என்று டப்பாவில் போட்டிருப்பது பெரும்பாலும் கொதிக்க வைத்ததல்ல, சீக்கிரம் உலர்வதற்காக கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகள் சேர்த்தது. ஒரு நாளில் உலரும். விலை குறைவு, பூசுவது எளிது. முதல் வில் செய்கிறவருக்கு இதையே சொல்வேன். நாளாக ஆக மரத்துக்கு மஞ்சள் சாயல் ஏறும், அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

டங் எண்ணெய் நீரை இன்னும் நன்றாகத் தாங்கும், நிறமும் அவ்வளவு மாறாது. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று நாள் விட வேண்டும், கனமாகப் பூசினால் தோல் சுருங்கிவிடும். லேபிளைக் கவனமாகப் படியுங்கள். ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்ற பெயரில் விற்கும் பல டப்பாக்களில் இருப்பது கரைப்பான் கலந்த வார்னிஷ்தான். வார்னிஷ் கெட்டது என்று சொல்லவில்லை. நீங்கள் நினைத்து வாங்கிய பொருள் அது இல்லை என்பதே பிரச்சினை.

மழையும் பனியும் அதிகமுள்ள இடத்தில் வில்லோடு வெளியே போகிறவருக்கு என் பரிந்துரை ஒரு கலவை. லின்சீட் ஆயில் ஒரு பங்கு, படகுகளுக்குப் பூசும் வார்னிஷ் ஒரு பங்கு, பூச்சை நீர்க்க வைக்கும் கரைப்பானான டர்பன்டைன் ஒரு பங்கு. படகு வார்னிஷ் மற்ற வார்னிஷ்களைவிட நெகிழ்ச்சியானது. மேசைக்கும் வில்லுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். மேசை வளைவதில்லை. வில்லின் முதுகு, அதாவது குறியைப் பார்த்திருக்கும் பக்கம், ஒவ்வொரு இழுப்பிலும் நீள்கிறது; வில்லாளியைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம் அமுங்குகிறது. கண்ணாடி போன்ற கெட்டியான பூச்சு இதைத் தாங்காமல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வெடித்தது பூச்சா, மரமா என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறும். தடித்த பூச்சு முனைகளில் பாரத்தையும் ஏற்றும். முனைகளில்தான் வில் வேகமாக அசைகிறது. அங்கே கூடுகிற ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்திலிருந்து கழியும்.

பழைய வில்லாளிகள் இதற்கு மெழுகை நம்பினார்கள். 1545-இல் இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பற்றி எழுதிய நூலில், மெழுகு தடவிய உலர்ந்த கம்பளித் துணியால் வில்லை நாள்தோறும் பளபளக்கும் வரை தேய்க்கச் சொல்கிறார். அதே ஆண்டில்தான் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. அந்தக் கப்பலிலிருந்து பிற்காலத்தில் 170-க்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. அவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், தினமும் அவற்றைத் தேய்த்த கைகளைத்தான் நினைத்துக்கொள்வேன். நானும் கடைசி எண்ணெய்ப் பூச்சு முழுதாக உலர்ந்த பிறகு தேன்மெழுகு தடவுகிறேன். மெழுகுக்கு மேல் எண்ணெய் ஒட்டாது, அதனால் வரிசை மாறக் கூடாது.

இப்போது பூசுகிற வேலை. முதலில் ஒட்ட வேண்டியதை எல்லாம் ஒட்டிவிடுங்கள். முனைக் கொம்புகள், கைப்பிடித் தோல், எதுவானாலும் சரி. எண்ணெய் பட்ட மரத்தில் பசை பிடிக்காது. சொரசொரப்பானதிலிருந்து மென்மையானதுக்கு, 120, 180, 220, 320 எண் என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே இழை ஓடும் திசையில் தேயுங்கள். முதுகுப் பக்கத்தில் மட்டும் மிக மிக மென்மையாக. முதுகில் மரத்தின் ஒரே ஆண்டு வளர்ச்சி வளையத்தை அறுபடாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருப்பீர்கள், அதைக் கடைசி நேரத்தில் உப்புத்தாளால் அறுத்துவிடக் கூடாது. அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மர இழைகள் மயிர்போல எழுந்து நிற்கும். நன்றாகக் காய்ந்ததும் 320-ஆல் லேசாக ஒரு தடவை தேய்த்தால் அவை உதிர்ந்துவிடும், பிறகு எழாது. ரோஸ்வுட் போல இயல்பிலேயே எண்ணெய்ப் பசையுள்ள மரமானால் பூசுவதற்குச் சற்று முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் மரத்திலுள்ள பொருட்களே பூச்சை உலர விடாது.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. துணியில் நனைத்துத் தாராளமாகத் தடவுங்கள். இருபது நிமிடம் காத்திருங்கள். உலர்ந்து தெரிகிற இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தடவலாம். பிறகு துடையுங்கள். ‘துடைத்தாயிற்று’ என்று தோன்றிய பின், புதுத் துணி எடுத்து இன்னொரு முறை துடையுங்கள். பிசுக்கோடு என்னிடம் வரும் வில்களில் பெரும்பாலானவற்றில் குறை எண்ணெயில் இல்லை, இந்த இரண்டாவது துணியை எடுக்காமல் விட்டதில்தான். உள்ளே இறங்கியது உலரும். மேலே தேங்கி நின்றது தோல் கட்டி, அடியில் பச்சையாகவே கிடக்கும்.

காற்றோட்டமுள்ள, வெதுவெதுப்பான, வெளிச்சமான இடத்தில் ஒரு நாளாவது தொங்கவிடுங்கள். அடுத்த பூச்சுகளுக்கு டர்பன்டைனைக் குறைத்துக்கொண்டே வரலாம். நான்கு முதல் ஆறு பூச்சு போதும். வாடை அடங்கி, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாலும் ஒன்றும் ஒட்டாதபோது உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். உலராமல் பிசுக்கு தங்கிவிட்டதென்றால் கலங்க வேண்டாம். டர்பன்டைன் நனைத்த சொரசொரப்பான துணியால் அழுத்தித் துடைத்தெடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மறுபடி தொடங்கலாம்.

விடைபெறும் முன் அந்தத் துடைத்த துணிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும். வில்லின் மேல் அது காற்றில் கலைந்துவிடும். கசக்கி மூலையில் போட்ட துணிக் குவியலில் வெப்பம் உள்ளேயே தேங்கி, நெருப்புக் குச்சி கிழிக்காமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இப்படி விட்டுச்சென்ற லின்சீட் எண்ணெய்த் துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அதனால் வேலை முடிந்ததும், கைகழுவப் போகும் முன்பே, ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக விரித்து வெளியே கொடியில் போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் சேர்க்கலாம். வெளியே இடம் இல்லையென்றால், நீர் நிரப்பிய தகரடப்பாவில் முழுதாக அமுக்கி மூடி வையுங்கள்.

வணக்கம்.