ஸ்கூட்டருக்கு ஒரு லட்சம், வீட்டுக்கு 20,000! பட்டாளத்து மாமா வீட்டில் டேப் வைத்து அளந்தோம்

வணக்கம் மக்களே! ராணுவப் பணியில் இரண்டு கால்களையும் இழந்த அமெரிக்க வீரர் ஒருவர், தன் வீட்டைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி மாற்ற 2025 நிதியாண்டில் 1,21,812 டாலர் வரை வாங்க முடிந்தது. நம் பணத்தில் சுமார் ஒரு கோடி. இங்கே? 20,000 ரூபாய். "அங்கே பார், இங்கே பார்" என்று புலம்பப் போகிறேன் என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். இன்றைக்குக் கையில் இஞ்ச் டேப் இருக்கிறது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 7 கொடிநாளில் பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டோமே ஒரு குட்டிக் கொடி, அந்த நிதியின் ஒரு பகுதிதான் ரக்ஷா மந்திரி முன்னாள் படைவீரர் நல நிதி. அதிலிருந்து 100 சதவீத ஊனமுள்ள முன்னாள் படைவீரருக்கு வீடு பழுதுபார்க்க 20,000 ரூபாய். கேந்திரிய சைனிக் போர்டு (மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியம்) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நம் மாவட்டத்துக்கு நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஊன ஓய்வூதியம் தனிக் கதை, அதற்குத் தனி வீடியோ.

இதே நிதியில் இன்னொன்றும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமானவர் மாற்றியமைத்த ஸ்கூட்டர் வாங்க ஒரு லட்சம் வரை. இரண்டும் வேறு வேறு ஆட்களுக்கான திட்டம், தெரியும். இருந்தாலும் கணக்கு இடிக்கிறது பாருங்கள். ஊரெல்லாம் சுற்றிக் கேட் வரைக்கும் வர ஒரு லட்சம், கேட்டிலிருந்து கட்டிலுக்குப் போக 20,000!

சரி, அந்தக் கேட்டுக்கே போவோம். தக்கலைப் பக்கம் ஒரு வீடு. தெருவே அவரைப் பட்டாளத்து மாமா என்றுதான் கூப்பிடும். கேட்டிலிருந்து வராந்தா வரை 11 அடி. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் கொட்டுகிற ஊர், அதனால் பேஸ்மென்ட்டை 2 அடி தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளத்துக்கான (ரேம்ப்) விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். இரண்டு அடிக்கு 24 அடி.

மாமா டேப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ அது பக்கத்து வீட்டு அடுக்களையில போய் இறங்கும் மக்களே."

கொத்தனாருக்கு இந்தக் கணக்கு பிடிக்கவே இல்லை. "எட்டடி போதும், பின்னால ஆள் தள்ளிரலாம்" என்றார். நான் விடவில்லை. எட்டடிப் பலகை இரண்டைச் சாய்த்துப் போட்டு மாமாவின் சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். பாதி ஏறுவதற்குள் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். மாமா மகன் பின்னால் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த வீடியோவின் தலைப்பே வேறு.

அதனால் முற்றத்தின் ஓரமாகப் போய், நடுவில் 5 அடி சமதளம் விட்டு, திரும்பி ஏறுகிற மாதிரி போட்டோம். 4 அடி அகலம் வைத்து எல்லாவற்றையும் கூட்டினால் 116 சதுர அடி. கால் சென்ட்டுக்கு மேல்! குமரியில் கால் சென்ட் போச்சு என்றால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுவிடும். மேலே வழவழ டைல் வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். சிமெண்ட் காய்வதற்குள் தொடப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் போதும்.

கொத்தனார் போட்ட கணக்கில் 20,000 இந்தச் சாய்தளத்தோடேயே தீர்ந்துவிட்டது. குளியலறை அப்படியே நிற்கிறது. மாமாவின் விரல்முட்டிகளைக் காட்டச் சொன்னேன், இரண்டு கையிலும் தோல் உரிந்து காய்த்துப் போயிருந்தது. கதவு திறந்தால் கிடைக்கிற இடைவெளி 26 இஞ்ச், நாற்காலி 25 இஞ்ச். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட வழிகாட்டு நெறி கேட்பது 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 3 அடி. நிலையைப் பெயர்க்கக் காசு வரும்வரை, உள்பக்கம் திறந்த கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே விழுந்துவிட்டாலும் கதவை அவர் மேல் இடிக்காமல் திறக்கலாம்.

அப்புறம் தலைவாசல். நிலையின் கீழ்ப்படியை அறுத்துவிடலாமா என்று கேட்டதும் மாமி முகம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசுகிற படி. எனக்கும் மனசு வரவில்லை, இரண்டு பக்கமும் ரப்பர் ஆப்பு வைத்து முடித்தோம். ரப்பர் பால் வெட்டுகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆப்பை ஆன்லைனில் ஆர்டர் பண்ணின கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அமெரிக்கச் செய்தி ஒன்று பாக்கி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே பெரிய தொகை போக, ஹிசா என்று சிறிய மானியமும் உண்டு. பணியால் வந்த ஊனத்துக்கு 6,800 டாலர் வரை. எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலில் ஹாட் டப்பும் இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் கேட்டுப் பார்த்திருக்கிறார், இல்லையா?

என் புகார் தொகை மேல் மட்டும் இல்லை. நம் திட்டத்தின் பெயர் வீடு பழுதுபார்ப்பு. மாமா வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை. படி இருக்கிறது, அதுதான் பிரச்சினை. மாற்றியமைக்க என்றே தனியாக ஒரு மானியம் கேட்க வேண்டும், அளவோடு கேட்க வேண்டும். உங்கள் வீட்டு பேஸ்மென்ட் எத்தனை அடி உயரம், கேட்டிலிருந்து எத்தனை அடி, இரண்டையும் கமெண்டில் போடுங்கள். உயரத்தை 12-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.